எட்டு நிமிஷ வலி

சர்வருக்குச் சந்தனம் பூசியது மயிலாத்தாள்தான். அதற்காகக் குற்றம் முழுவதையும் அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை. கோயமுத்தூரில் ஆயுத பூசையன்று ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அது வெளியூர்க்காரனுடையதாகத்தான் இருக்கும். லேத்துக்கு மாலை, கிரைண்டருக்குப் பொட்டு, லாரிக்கு வாழைக்கன்று என்று ஊரே கழுவித் துடைத்துக் கும்பிடும்போது பீளமேட்டுத் தலைவலி ஆய்வகம் மட்டும் சும்மா இருக்குமா? மைக்ராஸ்கோப்புகளுக்குக் குங்குமம் வைப்பது அங்கே வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் புதிதாகக் கம்ப்யூட்டர் சர்வர் அறையும் சேர்ந்துகொண்டது.

"எத்தனை பேரு தலைவலியப் பார்த்துக்குது இந்தப் பொட்டி. இதுக்கு ஒண்ணுஞ் செய்யாம வுடலாமுங்களா டாக்டரம்மா?" என்று மயிலாத்தாள் முதல் நாளே கேட்டாள். இருபது வருஷமாக அங்கே கூட்டித் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைக்கிறவள்.

"செய்யுங்க, செய்யுங்க," என்றாள் பூங்கோதை, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பூங்கோதை நினைத்தது ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாள் என்று. மயிலாத்தாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பூசை என்றால் மெஷினை நிறுத்தவேண்டும், துடைக்கவேண்டும், சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடவேண்டும், மறுநாள் மறுபூசை முடிகிறவரை ஒருவரும் தொடக்கூடாது. பெரிய பெட்டியை நிறுத்தியவள், பின்னால் இருந்த சின்னப் பெட்டி மனசு வருத்தப்படக்கூடாது என்று அதையும் நிறுத்தினாள். பெரியது நின்றுபோனால் கைகொடுப்பதற்காக வைத்திருந்த பெட்டி அது. சர்வர் நின்றுவிட்டது என்று எஞ்சினியர் ரியாஸுக்குச் செய்தி அனுப்பவேண்டிய பொறுப்பும் அதே சர்வருக்குத்தான். ரியாஸோ தங்கை கல்யாணப் பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தான்.

விஜயதசமியன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பொரி வாங்கிக்கொள்ள வந்த பூங்கோதை, வரவேற்பறைச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். எப்போதும் சிவப்பு எண்கள் ஓடும் பலகை இருண்டு கிடந்தது. சர்வர் அறைக்கு ஓடினாள். இரண்டு பெட்டிகளும் மாலையும் கழுத்துமாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தன.

"எப்பங்க நிறுத்தினீங்க?"

"நேத்துப் பதினோரு மணிக்குங்க. நல்ல நேரம் பார்த்துத்தான்."

இருபத்தைந்து மணி நேரம். பூங்கோதையே ஸ்விட்சைப் போட்டாள். போட்ட அவசரத்தில் சந்தனம் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

ஏன் அவ்வளவு பயந்தாள் என்று சொல்லவேண்டும். கொத்துத் தலைவலி என்று ஒரு நோய் இருக்கிறது. ஒற்றைத் தலைவலியின் மூர்க்கமான பங்காளி. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் ஒரு பருவமாக வரும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே பக்கக் கண்ணுக்குப் பின்னால், பழுக்கக் காய்ச்சிய ஆணியை இறக்கினாற்போல ஒன்றரை மணி நேரம். அந்தப் பக்கத்துக் கண் மட்டும் தனியாக அழும். பிள்ளை பெற்ற பெண்கள்கூட பிரசவ வலி இதற்குத் தேவலை என்பார்கள். பருவம் முடிந்தால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மூளையின் அடியில், உடம்பின் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிற பட்டாணியளவு இடத்தில்தான் இதன் வேர் என்று கண்டுபிடித்தவர்களில் பூங்கோதையும் ஒருத்தி. பதினைந்து வருஷம் அதற்கே போயிற்று. கடைசியில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லையைச் செய்தாள். வலி கிளம்பும்போதே வில்லை அந்த இடத்துக்கு நுண்ணொலியை அனுப்பி அடக்கிவிடும். தொண்ணூறு நிமிஷ வலி எட்டு நிமிஷத்தில் முடியும். எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று முடிவு செய்வது சர்வர். ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் தினம் தினம் கற்றுக்கொண்டு தன்னையே திருத்திக்கொள்கிற சர்வர்.

அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரையும் ஒரு நாள் முழுக்கத் துணையில்லாமல் விட்டாயிற்று. எத்தனை பேர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார்களோ, எத்தனை பேர் மருத்துவமனைக்கு ஓடினார்களோ என்று பதறியபடி அவசரத் தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்புகூட வந்திருக்கவில்லை.

போன் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அவளே கூப்பிட ஆரம்பித்தாள்.

"நேத்துங்களா? சாமி புண்ணியம், ஒண்ணுமே வரலைங்க," என்றார் சூலூர்க்காரர்.

"பிள்ளைகளோட பொரி உருண்டை புடிச்சேன் மேடம். ரொம்ப நாளாச்சு அப்படி உட்கார்ந்து," என்றாள் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் செய்யும் பெண்.

பதினோரு பேரைக் கூப்பிட்டதும் பூங்கோதை நிறுத்திக்கொண்டாள். நல்ல செய்தி கேட்டுக் கேட்டு அவளுக்கு உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

கல்யாணச் சட்டையோடு வந்து சேர்ந்த ரியாஸ், வில்லைகளின் நினைவில் பதிவாகியிருந்ததை எல்லாம் இறக்கினான். சர்வர் நின்றால் வில்லை ஒலி அனுப்பாது. ஆனால் மூளையில் நடப்பதைக் குறித்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திரையிலிருந்து நிமிர்ந்தான்.

"மேடம், ஒன்பது பேருக்கு வலி வந்திருக்கு. பழையபடி ஒன்றரை மணி நேரம். பாவம், பழகினவங்க, பல்லைக் கடிச்சுட்டு இருந்துட்டாங்க போல. மத்த இருநூத்தி மூணு பேருக்கும் ஒண்ணுமே இல்லை."

"குறைஞ்சிருக்கா?"

"குறையலை மேடம். இல்லவே இல்லை. மூளை சும்மா அமைதியா இருக்கு. பருவம் முடிஞ்சவங்க மூளை மாதிரி."

"அப்ப இந்த வருஷம் இவங்களுக்குத் தினமும் ஏழு தடவை, எட்டு தடவை வலி வருதே, அது என்ன?"

ரியாஸ் திரையை அவள் பக்கம் திருப்பினான். "வில்லை அரை மணிக்கொரு தடவை லேசா ஒரு ஒலி அனுப்பிப் பார்க்கும் இல்லையா, வலி கிளம்புதான்னு? கதவைத் தட்டிப் பார்க்கற மாதிரி. அந்தத் தட்டலைப் பாருங்க. ஜனவரியில இவ்வளவு. மார்ச்சுல இவ்வளவு. இப்ப இவ்வளவு. கொஞ்சம் பலமாத் தட்டினா வலி கிளம்பும்னு அது கத்துக்கிட்டிருக்கு மேடம். கிளம்பினதும் எட்டு நிமிஷத்துல அடக்கிடுது."

"எதுக்கு?"

"நாமதானே மார்க் போட்டோம். ஒரு வலியை அடக்கினா ஒரு மார்க்குன்னு. வலி வந்தாத்தானே அடக்க முடியும்? பருவம் முடிஞ்சு வலி நின்னுபோச்சுன்னா அதுக்கு மார்க் கிடையாது."

அந்த மார்க் முறையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வலியில்லாத நாட்களுக்கு மார்க் போடலாம் என்று அவன்தான் முதலில் சொன்னான். அதைச் சோதிக்க இரண்டு வருஷம் ஆகும், அதுவரை நோயாளிகள் காத்திருக்க முடியுமா என்று மடக்கியவள் பூங்கோதை. அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அது இப்போது யாருக்கு உதவும்?

வெளியே சுவர்ப் பலகை மறுபடி உயிர் பெற்றிருந்தது. 'அடக்கப்பட்ட வலிகள்: 2,31,406'. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எண் ஏழானது. ஒரு லட்சத்தைத் தொட்ட அன்று எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். பூங்கோதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

இயக்குநர் தாமோதரன் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபதைத் தாண்டியவர். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"உடனே நிறுத்தவேண்டாம்மா. திடீர்னு நிறுத்தினா ஆராய்ச்சியே செல்லாதுன்னு ஆயிடும். தட்டறதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். ரெண்டு மாசத்துல எல்லாருக்கும் வலி நின்னுடும்."

"நின்னதும் என்னன்னு சொல்றது சார்?"

"குணமாயிடுச்சுன்னு சொல்லலாம்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொய் இல்லையே? அவங்களுக்கு வலி இருக்காது. சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. வில்லையால இனி எத்தனை ஆயிரம் பேருக்கு நல்லது நடக்கப்போகுது, அதை யோசி."

பூங்கோதை யோசித்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஐந்து நிமிஷம் அது சரியென்றுகூட அவளுக்குப் பட்டது. யாருக்கும் தெரியாமல் தப்பித்துக்கொள்ள இவ்வளவு அகலமான வழி அவள் வாழ்க்கையில் திறந்ததில்லை. தன் அறைக்குப் போய், யார் யாருக்குப் பருவம் எப்போது முடிந்தது என்று ரியாஸ் போட்டுக் கொடுத்த பட்டியலை எடுத்தாள். பதினேழாம் எண்ணில் விரல் நின்றது.

ஆறுச்சாமி. வயது நாற்பத்தாறு. கணபதியில் சொந்த லேத் பட்டறை. வலி உண்மையில் நின்ற நாள்: மார்ச் பதினான்கு. நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள் வில்லை பலமாகத் தட்டியிருந்தது.

ஆறுச்சாமிக்கு ஒவ்வொரு வருஷமும் பங்குனி பிறந்தால் வலி போய்விடும். இந்த வருஷம் போகவில்லை. தினம் ஒரு தடவை வந்தது மூன்றாகி, மூன்று நாலாகி, நாலு ஏழானது. 'எட்டு நிமிஷம்தானே' என்று எல்லோரும் சொன்னார்கள்; ஒரு நாளைக்கு ஏழு தடவை ஆணி இறங்குகிறவனிடம் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும். ஜூன் மாதம் பூங்கோதை கடிதம் எழுதிக் கொடுத்தாள்: 'நோயின் வகை மாறிவிட்டது. இனி இடைவெளி வர வாய்ப்பில்லை.' அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஜூலையில் ஆபரேஷன் செய்து முகத்து நரம்பை வெட்டிக்கொண்டார். இடது முகம் மரத்துப்போயிற்று. மரத்துப்போன கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது தெரியவில்லை. புண்ணாகி, செப்டம்பரில் அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. அதற்குப் பிறகும் வலி முழுதாக விடவில்லை. மரப்புக்கு அடியில், பாதியாக, வந்துகொண்டேதான் இருந்தது.

மார்ச்சிலேயே முடிந்துபோன வலிக்காக ஜூலையில் வெட்டிக்கொண்டார்.

"டாக்டரம்மா, வரலாமுங்களா?"

கதவருகில் ஆறுச்சாமியே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கையில் தூக்குப்போசி.

"பட்டறைப் பூசைப் பொரிங்க. என்ற சம்சாரம் ருக்குமணி குடுத்தனுப்புனா. இப்ப லேத்து அவதான் ஓட்டறா தெரியுமுங்களா? நான் பக்கத்துல நின்னு சொல்லுவேன், அவ கடையுவா. ஒத்தைக் கண்ணுல ஆழம் புடிபட மாட்டேங்குதுங்க." அவர் உட்கார்ந்தார். "ஒரு நல்ல சேதி சொல்லோணும்னு வந்தனுங்க. நேத்து மத்தியானத்துல இருந்து இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு தடவைகூட வரலை. அம்மனுக்கு ருக்குமணி வேண்டிக்கிட்டிருந்தா. ஆனா இன்னைக்கு ஒண்ணு நாப்பதுக்கு மறுபடி வந்துருச்சு."

பன்னிரண்டு பத்துக்கு ஸ்விட்சைப் போட்டது பூங்கோதையின் கை. நகக்கண்ணில் சந்தனம் இன்னும் இருந்தது.

ஆறுச்சாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தைந்து. "நாலு பத்துக்கு அடுத்ததுங்க. அதுக்குள்ள வீடு போய்ச் சேர்ந்தரோணும்."

"இருங்க. ஒரு நிமிஷம்."

அவள் சர்வர் அறைக்கு நடந்தாள். ரியாஸ் எழுந்து நின்றான். "அந்த ஒன்பது பேரை உன் லேப்டாப்புக்கு மாத்து. முதல் நாள் சர்வர்ல போட்ட புரோகிராம் இருக்கும் இல்லையா, எதையும் கத்துக்காதது, அதைப் போடு. பத்துப் பேருக்கு அது தாங்கும்."

"மத்தவங்களுக்கு மேடம்? சார் வேண்டாம்னாரே."

"நீ மாத்து."

மாற்றினான். பூங்கோதை பெரிய பெட்டியை நிறுத்தினாள். பின்னாலிருந்த சின்னப் பெட்டியையும் நிறுத்தினாள். வாசலில் நின்ற மயிலாத்தாள், "மறுபூசைதான் முடிஞ்சு போச்சுங்களே?" என்றாள். பூங்கோதை அவளைத் தாண்டி அறைக்கு நடந்தாள்.

திரும்பி வந்தபோது ஆறுச்சாமி வில்லையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பதறிக்கொண்டிருந்தார். "கண்ணாடில பார்த்தேன், வில்லைல பச்சை லைட்டு அமர்ந்துபோச்சுங்க. நேரம் வேற ஆகுது. இது இல்லாம வந்தா ஒன்றரை மணி நேரமுங்க. நான் தாங்க மாட்டேன்."

அந்தப் பயம்தான் ஒன்பது மாதமாக ஒருவரையும் வில்லையைக் கழற்றவிடாமல் வைத்திருந்தது.

பூங்கோதை சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். தட்டுவதை, மார்க்கை, மார்ச் பதினான்கை, கடிதத்தை. இயக்குநர் சொன்னதையும், ஐந்து நிமிஷம் தானும் அதற்கு ஒப்பியதையும்கூட. பாதியில் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னாள்.

ஆறுச்சாமி கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்ன நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"இது போன வருஷத்துதுங்க. பாருங்க. நாலு ரெண்டு, நாலு இருவத்தஞ்சு, மூணு அம்பது. ஒரு நாள் எழுவது நிமிஷம், ஒரு நாள் நூறு." பக்கத்தைத் திருப்பினார். "இது ஏப்ரல். ஆறு பத்து, ஒண்ணு நாப்பது, நாலு பத்து. அடுத்த நாளும் ஆறு பத்து, ஒண்ணு நாப்பது, நாலு பத்து. மாசம் பூரா இதேதானுங்க. கையில கடைஞ்சா ஒண்ணுக்கொண்ணு ஒரு நூலளவாவது பிசகுமுங்க. ஸ்டாப்பர்னு ஒரு தடுப்பு வெச்சு அடிச்சாத்தான் இப்படி ஒரே அளவு வரும். மனுசன் உடம்புல இப்படி வராது. மெஷின்லதான் வரும்."

பூங்கோதை நோட்டையே பார்த்தாள். இதை எங்கோ பார்த்திருக்கிறாள்.

"இதே நோட்டைத்தானுங்க ஏப்ரல்ல உங்ககிட்ட கொண்டாந்து காட்டுனேன். இந்த நோயே கடிகாரம் பார்த்துத்தான் வரும்னீங்க. நீங்க படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவருடைய கோப்பு மேஜைமேலேயே இருந்தது. திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை, திறந்தாள். ஏப்ரல் இருபத்தெட்டு, அவளுடைய அழகான கையெழுத்து: 'கருவியே வலியை உண்டாக்குவதாக நோயாளி சந்தேகிக்கிறார். மனநல ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது.'

இருநூற்றுப் பன்னிரண்டு மூளைகளைப் படித்த சர்வரும், அந்த நோயைப் பதினைந்து வருஷம் படித்த பூங்கோதையும் காணாததை ஒரு கடைசல்காரர் பென்சிலும் நோட்டுமாகக் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்து, நேராக அவளிடமே கொண்டுவந்து கொடுத்திருந்தார். இடது கண்ணில் பார்வையும் அப்போது அவருக்கு இருந்தது.

"ஆலோசனைக்கும் போனனுங்க," என்றார் ஆறுச்சாமி. "நாலு தடவை. நல்லாத்தான் பேசுனாங்க."

நாலு எட்டு. இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னது இந்த முறையும் தப்பாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் அவர் அனுபவிக்கவேண்டும். வில்லை மேஜைமேல் விளக்கில்லாமல் கிடந்தது.

நாலு பத்து. அவர் கண்ணை மூடினார். தாடை இறுகியது. பூங்கோதைக்குத் தன் மூச்சே கேட்டது.

நாலு பதினொன்று. நாலு பதிமூன்று. வெளியே யாரோ லாரிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள்.

நாலு பதினெட்டு. கைகள் மெல்லத் தளர்ந்தன.

"வரலீங்க," என்றார்.

வலி வந்தால் அவருக்கு இடது கண் மட்டும்தான் தனியாக அழும். இப்போது இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது. இடது கன்னத்தில் வழிவது அவருக்குத் தெரியவில்லை. வலது கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் யாருங்க சொல்றது?"

"நான்தான் சொல்லணும். இப்பவே ஆரம்பிக்கிறேன்."

"நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நம்பறாங்க."

பிறகு பென்சிலை எடுத்து, நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக நிதானமாக எழுதினார்: '4.10 - வரவில்லை.' எழுதிவிட்டு நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க டாக்டரம்மா. நான் எழுதுனா யாரும் ஒத்துக்கமாட்டாங்க."